எண் ஏறிய நேரத்தில் இழுத்த கயிறு

புதிதாகக் குழுவில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். நாங்கள் அதை ‘வாட்ச்’ என்றே சொல்வோம். அதன் பொத்தான்களைப் பற்றிக் கையேடு என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் எழுதப்போவது, அதன் திரையில் தெரியும் காற்றுக் கணக்கை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதைத்தான். அதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம், இந்தக் குழுவை விட்டுப் போன ஒருவனைப் பற்றித்தான் எழுத வருகிறது. அவன் நலமாக இருக்கிறான். ஆனால் தண்ணீருக்குள் இறங்குவதில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஆண்டுகள் நானும் முக்குளித்தேன். ஒரு காது பழுதான பிறகு கரையில் நின்றேன். கீழே போகிறவரின் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில் இருக்கும். அந்தக் கயிற்றோடு பின்னிய பேச்சுக் கம்பி என் காதில் முடியும். தென்காசி வட்டாரத்துக் கிணறுகளிலும் கல்குவாரிக் குழிகளிலும் அணைகளிலும் எங்கள் சிறு குழு எடுத்துக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் உயிரற்ற உடல்களையே. அதனால் எங்களுக்கு ஒரே ஒரு விதிதான் விதி: எடுக்கப்போனவர் திரும்பி வர வேண்டும்.

வாட்சின் திரையில் காற்றைப் பற்றி இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ‘பார்’ கணக்கில் சிலிண்டரின் அழுத்தம். அது நடப்பு உண்மை. உள்ளே எவ்வளவு இருக்கிறதோ அதைச் சொல்லும். மற்றது நிமிடம். இந்தக் காற்று இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று கருவி போடும் மதிப்பீடு. உங்களில் சிலர் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறீர்கள். கடையநல்லூர்ச் சமவெளிச் சாலையில் அது இன்னும் அறுபது கிலோமீட்டர் போகலாம் என்று காட்டும். அதே வண்டியைச் செங்கோட்டையைத் தாண்டி மலைப்பாதையில் ஏற்றுங்கள். எண் சரசரவென்று இறங்கும். வண்டி பொய் சொல்லவில்லை. கடந்துவந்த சாலையை வைத்து வரப்போகும் சாலையை ஊகித்தது, அவ்வளவுதான். வாட்சும் அப்படியே. நீங்கள் சற்றுமுன் எப்படி மூச்சு விட்டீர்களோ, இப்போது எந்த ஆழத்தில் இருக்கிறீர்களோ, அதை வைத்து நிமிடத்தைச் சொல்கிறது. அடுத்த மூச்சைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

திரையில் மூன்றாவதாக இன்னொரு நிமிடக் கணக்கும் உண்டு. இந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், இடையில் நின்று நின்று ஏற வேண்டிய தேவை வராது என்பதைச் சொல்வது அது. ஆழம் குறைந்த இடத்தில் அது பெரிய எண்ணாகவே நிற்கும். இலஞ்சிப் பக்கம் ஒரு வயல் கிணற்றில் பயிற்சி நடந்தபோது, எங்கள் குழுவின் கடையநல்லூர் பீர் முகம்மது அந்த எண்ணைக் காற்றுக் கணக்கென்று எடுத்துக்கொண்டு கம்பியில் கூவினான்:

“அக்கா, தொண்ணூத்தொம்பது நிமிஷம் காத்து இருக்கு. நான் இங்கனயே ஒரு தூக்கம் போட்டுட்டு வாரேன். சாப்பாடு வந்ததும் எழுப்புங்க.”

“பக்கத்துல பார் எவ்வளவுன்னு பாரு.”

பார்த்தான். பிறகு, “எழுவது. வாரேன், வாரேன், தூக்கம் கலைஞ்சிட்டு” என்றான்.

அன்றைக்குச் சிரித்தோம். வளைகுடாவில் வேலை பார்க்கும் பீரின் அண்ணன் வாங்கி அனுப்பிய வாட்ச் அது. குழுவுக்கு வந்த முதல் வாட்ச். பீர் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் இறங்குகிறவர் கையில் கட்டிவிடுவான். பெரும்பாலும் அது முத்துவின் கையில்தான் இருந்தது.

முத்து வடகரைக்காரன். தோப்புக் கிணறுகளில் விழுந்த மோட்டாரையும் வாளியையும் எந்தக் கருவியும் இல்லாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். அவன் தம் கட்டிக் கீழே போனால், மேலே நிற்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டும் என்பார்கள். எங்களிடம் வந்து சிலிண்டர் கட்டப் பழகிய பிறகும் அந்தப் பெருமை அவனை விட்டுப் போகவில்லை. வாட்ச் வந்ததும் அதில் ஒன்றைக் கண்டுபிடித்தான். மூச்சை இழுத்துச் சற்று நிறுத்தி வைத்து, பிறகு விட்டால், நிமிட எண் ஏறுகிறது. இரண்டு மூச்சுக்கு ஒன்றை விழுங்கினால் இன்னும் ஏறுகிறது. குழுவில் பந்தயம் தொடங்கிவிட்டது. ஒரே ஆழத்தில், ஒரே வேலையில், யார் அதிகக் காற்றோடு மேலே வருகிறாரோ அவருக்கு மற்றவர்கள் பரோட்டா வாங்கித் தர வேண்டும். முத்து ஒருமுறைகூடத் தன் காசில் பரோட்டா சாப்பிட்டதில்லை.

“இவனுக்கு நுரையீரலா, சாக்கா?” என்பான் பீர்.

“ஒனக்குப் பொறாமைலே. நீ பேசிப் பேசியே காத்தத் தீத்துருத.”

நான் பந்தயத்தைத் தடை செய்தேன். காரணத்தையும் சொன்னேன். நாம் வெளிவிட வேண்டிய கரியமில வாயு உள்ளேயே தங்கும். முதலில் தலை வலிக்கும். பிறகு புத்தி மங்கும். பிறகு, எவ்வளவு காற்று கொடுத்தாலும் போதாதபடி மூச்சு இரைக்கும். எண் ஏறுகிற அதே நேரத்தில் மனிதன் இறங்கிக்கொண்டிருப்பான் என்றேன். தலையாட்டினார்கள். பந்தயம் நின்றது. பெருமை நிற்கவில்லை. பெருமையைத் தடை செய்ய எனக்கு அதிகாரம் இல்லை.

அந்த ஆண்டு சாரல் காலத்தில் ஒருநாள் அழைப்பு வந்தது. குற்றாலத்து அருவிகளில் வெள்ளம் காரணமாக இரண்டு நாளாகவே குளிக்க விடவில்லை. கூட்டம் வேறு இடம் தேடி மலையடிவாரமெங்கும் சிதறியிருந்தது. வடகரைக்கு மேற்கே காட்டாறு ஒன்று பாறைகளுக்கு நடுவே கசமாகத் தேங்கும் இடம் உண்டு. கசம் என்றால் எங்கள் பக்கத்தில் ஆற்றின் ஆழமான மடு. அழைப்பு வந்ததற்கு முந்தின நாளே, வீரகேரளம்புதூரிலிருந்து நண்பர்களோடு வந்த ஓர் இளைஞன் அங்கே பாறையில் வழுக்கி உள்ளே போயிருந்தான். காவலர் தேர்வில் தேறி, பயிற்சிக்குப் போகக் காத்திருந்தவன். நாங்கள் போனபோது அவன் அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த ஒரு துண்டு. தலை துவட்ட எடுத்து வந்தது போல அதைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

மேலே மலையில் மழை கறுத்து நின்றது. வனக் காவலர் ஒருவர் மேல் வளைவில் வாக்கிடாக்கியோடு நின்றார். தண்ணீர் கலங்கியதென்று அவர் சொன்ன மறுகணம் நாங்கள் கரையேறிவிட வேண்டும். வெள்ளம் ஒருமுறை கசத்தைக் கலக்கிவிட்டால், உள்ளே இருப்பவன் எங்கே போய்ச் சேருவான் என்று சொல்ல முடியாது. அந்தத் தாய்க்கு அவன் முகம் கிடைக்க வேண்டுமென்றால் அது அந்தப் பகலில்தான் கிடைக்க வேண்டும். இதை அங்கிருந்த எல்லோரும் அறிந்திருந்தோம், அவளும் அறிந்திருந்தாள்.

முத்து இறங்கினான். பீர், தேவைப்பட்டால் அடுத்து இறங்க ஆயத்தமாக, பக்கத்தில் உட்கார்ந்தான். கீழிருந்து வரும் பேச்சை நான் எப்போதும் காதில் மாட்டித்தான் கேட்பேன். கரையில் காத்திருக்கும் உறவினர் காதில் அது விழக் கூடாது.

“முத்து, காத்து?”

“நூத்தி முப்பது. இருவது நிமிஷம் காட்டுது.”

“என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல, வாட்ச மொகத்தோட ஒட்டிப் பிடிச்சாத்தான் எண்ணு தெரியுது. கைதான் கண்ணு. பெரிய மரம் ஒண்ணு சாஞ்சு கெடக்கு, கெளையெல்லாம் அப்படியே... இருங்க.” மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. “அக்கா. ஆள் இருக்கான்.”

நான் அந்த அம்மா இருந்த பக்கம் திரும்பவில்லை. பீர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

“எப்படி இருக்கான்?”

“கெளைக்கு அடியில இடுப்பு மாட்டிருக்கு. அறுத்தா வந்துருவான். அறுக்கேன்.”

“அறு. கேக்கும்போதெல்லாம் ரெண்டு எண்ணும் சொல்லணும்.”

“சொல்லுதேன்.”

கைவாளின் இழுப்பும் அவன் மூச்சும் மாறி மாறிக் கேட்டன. அடுத்த முறை கேட்டபோது நூற்றுப் பதினைந்து, பதினொரு நிமிடம் என்றான். கணக்கு சரியாகவே இருந்தது. சும்மா தடவிக்கொண்டிருந்தவன் வாள் போடத் தொடங்கினால் மூச்சு இரட்டிக்கும்; நிமிடம் பாதியாகும். அதைக் கண்டு நான் கலங்கவில்லை. அவன் கலங்கியிருக்கிறான் என்று பின்னால்தான் உணர்ந்தேன். வேலை முடியப் பதினொன்று போதாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் சத்தம் மாறியது. வாள் ஓடிக்கொண்டிருந்தது, மூச்சுக்கு மூச்சு நடுவே வெறுமை. நான் கயிற்றை இறுகப் பிடித்தேன்.

“எவ்வளவு?”

“நூத்தி எட்டு.”

“நிமிஷம்?”

“பத்தொம்பது. ஏறிட்டுல்லா!”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் இன்றும் மறக்கவில்லை. வாட்ச் அவனைப் பாராட்டிவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் அவன் கற்ற வித்தையை அந்தத் திரை மெச்சி, எட்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தது. மரம் அறுக்கிற ஒருவனுக்கு நிமிடம் ஏறவே கூடாது. ஏறுகிறதென்றால் அவன் மூச்சை விழுங்குகிறான். சிலிண்டரில் காற்று மிஞ்சிக்கொண்டிருந்தது. அவனுக்குள் அது போய்ச் சேரவில்லை.

“முத்து, அறுக்குறத நிறுத்து. நல்லா இழுத்து மூச்சு விடு.”

“விடுதேன், விடுதேன்.”

விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தல வலிக்கா?”

பதில் வரச் சற்றுத் தாமதமாயிற்று. “லேசா... அக்கா, இங்கன வெளிச்சமா இருக்கு.”

கை மட்டுமே கண்ணாக இருந்த இடம் அது.

“முத்து, விட்டுட்டு மேல வா.”

“ரெண்டு நிமிஷம். இன்னும் ஒரு கெளதான்.”

“விட்டுட்டு வா. இப்பவே.”

“காத்து இருக்குக்கா!”

“காத்த நான் கேக்கல. வா.”

கயிற்றை நான்கு முறை வெட்டி இழுத்தேன். ‘ஏறு’ என்பதற்கு அதுதான் எங்கள் குறி. கீழே அசைவில்லை. அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். அவன் நினைவு தப்பிவிட்டானா என்றும் நினைத்தேன். பீர் முகமூடியைக் கையில் எடுத்துவிட்டான். பிறகு கயிறு மெல்லத் தளர்ந்தது. நான் இழுத்துச் சுருட்டத் தொடங்கினேன்.

கயிறு மேலே வருவதைக் கண்டு அந்த அம்மா எழுந்து நின்றாள்.

“கெடச்சிட்டானா? எம் மவன் வாரானா?” என்று கேட்டுக்கொண்டே துண்டை உதறி விரித்தாள்.

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். முத்து தனியாகத் தலை தூக்கினான். அவள் அவனுக்குப் பின்னால் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தலை தெரியும் என்று.

முகமூடியைக் கழற்றியதும் முத்து என்னைப் பார்த்துக் கத்தினான். “காத்து இருந்துச்சுல்லா! பாருங்க, வாட்சப் பாருங்க!” கையை நீட்டியபடியே குப்புறச் சாய்ந்து வாந்தி எடுத்தான். தொடர்ந்து வந்த இரைப்பு வெகுநேரம் அடங்கவில்லை.

“ஏலே, மொதல்ல மூச்சு விடு. பொறவு சண்ட போடு” என்று அவன் முதுகைத் தடவிவிட்டு, பீர் தன் முகமூடியை மாட்டினான். இடுப்பில் கயிறு கட்டினேன். அவன் கால் தண்ணீரில் படும்போது மேல் வளைவிலிருந்து குரல் வந்தது: “தண்ணி கலங்கிட்டு. ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க.”

ஏறினோம். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை: வெள்ளம் உடனே வரவில்லை. கலங்கல் வந்து, ஒரு கிளையை அறுத்து முடிக்கும் நேரத்துக்கும் மேலாகக் கசம் அமைதியாகவே கிடந்தது. நாங்கள் மேட்டில் நின்று அந்த அமைதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு செம்மண் நிறத்தில், சருகும் கட்டையுமாக வந்தது. மரமும் போயிற்று. மூன்றாம் நாள், வெகுதூரம் கீழே, வயலோரக் கால்வாய்த் தடுப்பில் அவன் கிடைத்தான். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு நான் வீரகேரளம்புதூருக்குப் போனேன். அந்த அம்மா என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“கயித்த நீங்கதான இழுத்திய?”

“ஆமா.”

“அப்படியே அவனையும் சேத்து இழுத்திருக்கக் கூடாதாம்மா?”

கிளை, வாள், காற்று, நிமிடம் என்று விளக்கச் சொற்கள் என்னிடம் நிறைய இருந்தன. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

முத்து அதன்பின் வரவில்லை. தோப்பில் வேலை அதிகம் என்று பீரிடம் சொல்லி அனுப்பினான். நான் அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆகவே விளக்கம் சொல்லப் போவது மன்னிப்புக் கேட்பதாகிவிடுமோ என்று தயங்கினேன். தவறுக்கு வருந்துவது எப்படி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சரியாகச் செய்ததற்கு வருந்துவது எப்படி என்று நான் படித்த எதிலும் இல்லை. அப்படிப்பட்ட வருத்தத்துக்கு அழுது தீரும் முடிவும் கிடையாது. அன்றைக்குப் பிறகு கரையிலிருந்து நிமிடத்தைக் கேட்பதைக் கடைசிக்குத் தள்ளினேன். முதலில் பார், பிறகு மூச்சின் சத்தம், பிறகு தலைவலி உண்டா என்ற கேள்வி, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அவனிடம் ஒரு சின்னக் கூட்டல் கணக்கு. இவையெல்லாம் ஒத்துப்போன பிறகுதான் நிமிடம். உங்களுக்குச் சொல்லித்தரும் வரிசையும் இதுதான். ஏன் இந்த வரிசை என்று யாரும் கேட்டதில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த சாரலில் ஒருநாள் குற்றாலம் போயிருந்தேன். கடைவீதியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து விற்றுக்கொண்டிருந்தவன் முத்து. தலைமுடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் துடைத்துப் போட்டான். மழைத்தூறலில் வாடிக்கையாளர் குறைவு.

“ரிட்டயர் ஆயிட்டியளாமே. பீர் சொன்னான்.”

“ஆமா. இப்ப கயிறெல்லாம் வேற ஆளுக கையில.”

ஒரு ரம்புட்டானை நகத்தால் கீறி என்னிடம் கொடுத்தான். கொஞ்ச நேரம் பழங்களை அடுக்கினான். பிறகு, ஏதோ விலை சொல்வது போன்ற குரலில் சொன்னான்:

“அன்னைக்கு அவன் கையப் பிடிச்சிருந்தேன்க்கா. இந்தக் கையில வாள், இந்தக் கையில அவன் கை. அந்தக் கலங்கல்ல விட்டுட்டா மறுபடி தடவிக் கண்டுபிடிக்கணும்லா, அதான் விடவே இல்ல. நீங்க விட்டுட்டு வான்னு சொன்னிய. விட்டுட்டு வந்தேன்.”

கயிறு அசையாமல் இருந்த அந்த நேரம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“சொல்லியிருக்கலாமே, முத்து.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியளா? ரெண்டு நிமிஷம்?”

நான் யோசித்தேன். அவனுக்கு நான் தர வேண்டியிருந்தது ஆறுதலை அல்ல, பதிலை.

“மாட்டேன்.”

“தெரியும். தலையெல்லாம் சுத்தி, அந்த வெளிச்சம் வந்துச்சு பாத்தியளா, அது என்னன்னு பொறவு டாக்டர் சொன்னாரு. நீங்க இழுக்கலன்னா நானும் அங்கனயே கெடந்திருப்பேன்.”

“அப்ப இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

அவன் அடுக்கி முடித்த பழங்களைக் கலைத்து மறுபடி அடுக்கினான்.

“சொன்னா நீங்க அடுத்த ஆள இழுக்கும்போது யோசிப்பிய. இப்ப நீங்க யாரையும் இழுக்க வேண்டியதில்லல்லா.”

ஒரு குடும்பம் குடையோடு வந்து விலை கேட்டது. அவன் தராசை எடுத்தான்.

சொல்லாமல் இருந்து முத்து எனக்குச் செய்த அந்த உபகாரத்தை நான் உங்களுக்குச் செய்யப்போவதில்லை. நீங்கள் இன்னும் இழுக்க வேண்டியவர்கள். கீழே உழைக்கிறவனுக்கு நிமிடம் ஏறினால் இழுங்கள். அவன் கை எதைப் பிடித்திருக்கக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டே இழுங்கள்.